பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சென்னை விமான நிலையத்தில் இரவு பதினொன்றரை மணி. என் மாணவியின் நீளமான கறுப்புப் பெட்டியைத் தராசில் ஏற்றினோம். கவுன்ட்டரில் இருந்த இளைஞர், "இதுல என்ன சார், கீபோர்டா?" என்று கேட்டார். பெட்டியின் வடிவத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பல வருடங்களுக்கு முன் முதல்முறை இந்தக் கேள்வி வந்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது கடிதத்தை முதலில் அவர் கையில் கொடுக்கிறேன். பிறகு நிதானமாகச் சொல்கிறேன்: "போட்டிக்கான ஏர் ரைஃபிள் தம்பி. உங்க கம்பெனி எழுத்துல அனுமதி கொடுத்திருக்கு. காலி பண்ணிப் பூட்டியிருக்கு. சாவி இந்தப் பொண்ணுகிட்ட இருக்கு."

இந்த நாலு வாக்கியமும் குறிபார்ப்பதைப் போலவே பழகிப் பழகி வந்தவை. துப்பாக்கி சுடுதலைப் பற்றி எழுதுகிறவர்கள் மூச்சைப் பற்றியும் விசையைப் பற்றியும் எழுதுகிறார்கள். துப்பாக்கியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதும் இந்தக் கலையின் ஒரு பகுதி என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சித்தூரில் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கற்றுத்தருகிறேன். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, ஆறு பேர் நின்று சுடலாம். மாம்பழக் காலத்தில் கூழ் தொழிற்சாலைக்குப் போகும் தோத்தாபுரி லாரிகளின் வாசனை உள்ளே வரும். எங்கள் பக்கத்தில் துப்பாக்கி என்றால் முன்பெல்லாம் வேட்டைதான். பாகராப்பேட்டை, தலக்கோனா, சாமலா பள்ளத்தாக்கு எல்லாம் வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்து எழுதிய காடுகள். என் தாத்தாவிடம் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. நிலக்கடலைக் கொல்லையில் பன்றியை விரட்ட இரவில் ஒரு வெடி வெடிப்பார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டைக் கதைகள் திண்ணையோடு நின்றன. துப்பாக்கியை விரும்பியவர்களுக்கு அதன்பின் மிஞ்சியது காகித இலக்கும் களிமண் தட்டும்தான். அதுவே நல்ல வழியாகவும் அமைந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுட நின்ற பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்.

ஆனாலும் இந்த மண்ணில் துப்பாக்கி என்பது லேசான சொல் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிலிருந்து இரவில் எந்தச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றாலும், கேட்பதற்கு முன்பே நான் இறங்கி டிக்கியைத் திறந்து காகிதங்களை நீட்டிவிடுவேன். வெளிநாடு போகுமுன் திருமலைக்குப் போய்வர விரும்பும் குடும்பங்களிடமும் இதையே சொல்வேன்: பெட்டியோடு மலையடிவாரத்து அலிபிரிச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. முதலில் பெருமாளைப் பாருங்கள், பிறகு துப்பாக்கியை எடுங்கள்.

பயணத்தின் முதல் சிக்கல் சட்டத்தில் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குழல் வாயில் வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிளின் ஆற்றல் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும். ஆனால் விமான நிறுவனத்தின் கண்ணில் அது துப்பாக்கிதான். "லைசென்ஸ் வேண்டாத பொருள் சார்" என்று கவுன்ட்டரில் வாதாடிப் பயனில்லை. நம் ஊர்ச் சட்டம், விமான நிறுவனத்தின் விதி, இறங்கும் நாட்டின் சட்டம் என்று மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராது. சில நாடுகளில் பெட்டி ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குக்கூடத் தனி அனுமதி கேட்கிறார்கள். அது நான்காவது கதவு.

இரண்டாவது, எந்த வாசலில் ஏறுவது என்பது. ரேணிகுண்டா விமான நிலையம் எங்களுக்குப் பக்கம். ஆனால் அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடித்து வேறு ஊரில் மாறினால், பெட்டி இன்னும் இரண்டு கை மாறும். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கையெழுத்து, ஒரு சந்தேகம், ஒரு தாமதம். அதனால் சித்தூரிலிருந்து ராணிப்பேட்டை வழியாகச் சென்னை அல்லது பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூரு. சாலையில் மூன்று நான்கு மணி நேரம் போனாலும், ஏறிய விமானம் நேராக ஐரோப்பாவில் இறங்குமானால் அந்த வாசலே நல்ல வாசல்.

மூன்றாவது, பெட்டியின் நீளம். ஏர் ரைஃபிளின் எடை விதிப்படி 5.5 கிலோவுக்கு மேல் போகாது. கடினமான பெட்டியோடு சேர்த்தாலும் 12 கிலோவுக்குள் முடிந்துவிடும். பெட்டிக்கு 23 கிலோ அனுமதிக்கும் நிறுவனத்தில் பாதிதான் ஆயிற்று என்று பெற்றோர் மகிழ்வார்கள். ஆனால் சாதாரண லக்கேஜுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கு. எங்கள் பெட்டி 115, 35, 15. கூட்டினால் 165. எடையில் தேறியது அளவில் தோற்றுவிடும். துப்பாக்கியைக் கட்டையிலிருந்து பிரித்துச் சிறிய பெட்டியில் அடைக்கலாம். அப்படிச் செய்தால் திருகாணிகளின் இறுக்கத்தைக் குறித்து வைத்திருக்க வேண்டும். இறங்கியதும் அதே இறுக்கத்தில் பூட்டி, குறியைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். பத்தாம் வளையத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். அங்கே கால் சுற்றுத் திருகாணியும் பேசும்.

தட்டுச் சுடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 12 போர் துப்பாக்கி குழல் வேறு, கட்டை வேறு என்று இரண்டாகக் கழன்று சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அவர்களுக்கு இடிக்கும் இடம் தோட்டா. தன் உபயோகத்துக்கான தோட்டாவை ஒரு பயணி 5 கிலோ வரைதான் கொண்டுபோகலாம் என்பது உலகம் முழுக்க உள்ள விமான விதி. இரண்டு பேர் பங்கை ஒரே பெட்டியில் கட்டவும் கூடாது. .22 ரைஃபிள்காரருக்கு அந்த 5 கிலோவில் ஆயிரத்துக்கு மேல் தோட்டா வரும், தாராளம். 12 போரில் 25 தோட்டா கொண்ட ஐந்து பெட்டி வைத்தாலே எல்லை வந்துவிடும். அதாவது 125 தோட்டா. தட்டுச் சுடும் டிராப் போட்டியின் தகுதிச் சுற்றில் பறக்கும் தட்டுகளும் 125. பயிற்சிக்கு ஒன்றுகூட மிஞ்சாது. அதனால் அவர்கள் போட்டி நடக்கும் ஊரிலேயே தோட்டா வாங்க முன்கூட்டி ஏற்பாடு செய்கிறார்கள். ரைஃபிள்காரருக்கு நீளம், தட்டுக்காரருக்கு எடை. இந்த இரண்டில் எது தன் சிக்கல் என்று தெரிந்த பிறகுதான் டிக்கெட் விலையைப் பார்க்க வேண்டும்.

கட்டணத்தை நான் மூன்று வகையாகப் பார்த்திருக்கிறேன். சில நிறுவனங்கள் துப்பாக்கிப் பெட்டியை விளையாட்டுச் சாமானாக ஏற்று, வழக்கமான லக்கேஜ் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கின்றன. சில, எடையைப் பார்க்காமல் பெட்டிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் கேட்கின்றன. சில, கூடுதல் எடைக்கும் கூடுதல் அளவுக்கும் தனித்தனியாகப் போடுகின்றன. எனவே "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு வழிக்கா, போக வரவா? மொத்தப் பயணத்துக்கா, ஒவ்வொரு விமானத்துக்குமா? திரும்பும்போது எந்த நாணயத்தில்? இந்த மூன்று கேள்விக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்கி அச்செடுத்து வைக்க வேண்டும். தொலைபேசியில் கிடைத்த "சரி சார்" கவுன்ட்டரில் நிற்காது.

பெட்டி கட்டும்போது ரைஃபிளின் காற்று சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுக்க வெளியேற்றி, காலி என்று கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். ஈய ரவை வெடிபொருள் அல்ல, ஆனாலும் அதைக் கேட்காமலே காட்டிவிடுவது நல்லது. சாவி பயணியிடம்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இது எழுதப்பட்ட விதியே. புறப்படுமுன் சுங்க அலுவலரிடம் துப்பாக்கியின் வரிசை எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட வேண்டும். எங்கள் ரைஃபிள்கள் ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ செய்தவை. அந்தச் சான்று இல்லாமல் திரும்பி வந்தால், போகும்போது கொண்டுபோனதுதான் இது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

இதெல்லாம் தெரிந்தும் ஒருமுறை தவறினேன். மாணவியின் அப்பா மாந்தோப்பு வைத்திருப்பவர். அந்த வருடம் காய்க்கு விலை இல்லை. "கொஞ்சம் கம்மியா வர்ற டிக்கெட்டா பாருங்க சார்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். விலை குறைந்த டிக்கெட் கிடைத்தது. வழியில் ஒரு மாற்றம். இரண்டு விமானத்துக்கும் ஒரே நிறுவனத்தின் எண்தான் டிக்கெட்டில் இருந்தது. ஆனால் இரண்டாவது விமானத்தை ஓட்டியது வேறு நிறுவனம். முதல் நிறுவனத்திடம் மட்டும் அனுமதி வாங்கியிருந்தேன். மாறும் ஊரில் இரண்டாவது நிறுவனம் பெட்டியை ஏற்ற மறுத்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தோம், பெட்டி சேரவில்லை.

அந்தப் பெண் கடன் வாங்கிய ரைஃபிளில் போட்டி போட்டாள். கன்னம் படும் உயரம் வேறு, தோளில் அமரும் தகடு வேறு, விசையின் கனம் வேறு. தன் குழலுக்கென்று மாதக்கணக்கில் சோதித்துத் தேர்ந்த ரவை டப்பாவும் அந்தப் பெட்டியோடு நின்றுவிட்டது. 60 குண்டையும் சுட்டு முடித்துவிட்டு வந்து, "பரவாயில்ல சார்" என்றாள். எனக்குப் பரவாயிருக்கவில்லை. குறைந்த டிக்கெட்டில் மிச்சமானது, பெட்டியைத் திரும்பப் பெற அலைந்ததில் போயிற்று. பணத்தை விடுங்கள், அவள் ஒரு வருடம் காத்திருந்த காலைப்பொழுது திரும்பி வராது.

அன்றிலிருந்து விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில், பெட்டியை ஏற்போம் என்று எழுத்தில் சொல்பவர் யார் என்று பார்க்கிறேன். அடுத்து, டிக்கெட்டில் அச்சான பெயரை நம்பாமல் ஒவ்வொரு விமானத்தையும் உண்மையில் ஓட்டுவது யார் என்று பார்க்கிறேன். பிறகு, மாறும் ஊரில் பெட்டிக்குப் போதுமான நேரம் இருக்கிறதா என்று. விலை கடைசியில்தான் வரும்.

ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதவுகள்தான். தென்னாப்பிரிக்காவில் இறங்கினால் அந்நாட்டுக் காவல்துறையின் 520 எண் படிவத்தை நிரப்பித் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாமென்று பலர் அங்கேயே துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். விமான நிறுவனங்களும் தங்கள் மனச்சாட்சிப்படி முடிவெடுக்கின்றன. 2015இல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டபின், டெல்டா போன்ற அமெரிக்க நிறுவனங்கள் சிங்கம், யானை, காண்டாமிருகம் முதலியவற்றின் வேட்டைச் சின்னங்களை ஏற்ற மறுத்தன. அதை நான் மதிக்கிறேன். எதை ஏற்றுவது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. எதைக் கொண்டுவருகிறோம் என்று முழுதாகச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. வேட்டைக்காரருக்கு வாடகைத் துப்பாக்கி போதும். அரை மில்லிமீட்டரைத் தேடுகிறவருக்குத் தன் துப்பாக்கியே வேண்டும். அந்தக் கடமை அதனால் எங்களுக்குக் கூடுகிறது.

சித்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க நீண்ட பேச்சு வேண்டாம். காணிப்பாக்கம் விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் எவரும் துணியமாட்டார்கள். பஞ்சாயத்தில் தீராத வழக்கெல்லாம் அங்கே தீரும். விமான நிலையத்தில் கையெழுத்திடும் அறிவிப்புப் படிவமும் அப்படித்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சுடும் இடத்தில், குழல் காலி என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிவிட்டுத்தான் துப்பாக்கியைக் கீழே வைக்கிறோம். கவுன்ட்டரில் செய்வதும் அதேதான். பார்ப்பவர் மட்டும் வேறு.

அந்த இரவுக்கு வருகிறேன். மாந்தோப்புக்காரர் மகளின் இரண்டாவது பயணம் அது. இந்த முறை இரண்டு நிறுவனங்களுக்கும் அவளே எழுதினாள், கேள்விகளையும் அவளே கேட்டாள். இளைஞர் மேலதிகாரியை அழைத்துவந்தார். அவள் பெட்டியைத் திறந்து, காலி சிலிண்டரையும் வரிசை எண்ணையும் காட்டினாள், பூட்டினாள், படிவத்தில் கையெழுத்திட்டாள். பெட்டி மற்ற லக்கேஜோடு பெல்ட்டில் போகவில்லை. ஒரு ஊழியர் அதைத் தனியே தள்ளுவண்டியில் எடுத்துப்போனார். அது கண்ணிலிருந்து மறையும்வரை இருவரும் நின்றோம்.

என்னிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம்: எந்த விமானம், யார் ஓட்டியது, யாரிடம் கேட்டோம், என்ன எழுதினார்கள், எவ்வளவு கட்டினோம். கடன் வாங்கிய ரைஃபிளோடு முடிந்த அந்தப் பயணத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அதைக் கிழிக்கவில்லை. அவள் அந்த நோட்டை என்னிடம் கேட்டு வாங்கினாள். கட்டண ரசீதை மடித்து அன்றைய பக்கத்தில் ஒட்டி, அடியில் தேதி போட்டாள். அடுத்த வருடம் போகப்போகிற சின்னப் பையனுக்கு அது வேண்டியிருக்கும் என்றாள்.