பேர்க் கணக்கு

2024 நவம்பர் 9, சனி

இன்று சம்பளம். தீபாவளி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் முற்பணத்தின் முதல் வெட்டு விழுந்துவிட்டது. லயத்து வாசற்படியில் உட்கார்ந்து சம்பளச் சிட்டையை வரி வரியாகப் படித்தேன். ஒக்டோபரில் 20 நாள் வேலை. புதிய வர்த்தமானிப்படி நாளுக்கு 1,350 ரூபா, மொத்தம் 27,000. அதில் ஈபிஎப் என்ற சேமலாப நிதிக்கு 2,160, தீபாவளி முற்பணம் 2,000. சங்கச் சந்தா, கோயில், மரண உதவி, தேயிலைத்தூள் என்று 1,340. கைக்கு வந்தது 21,500.

மகன் பாதி எழுதி விட்டுவைத்த கொப்பி ஒன்று கிடந்தது. இனி இதுதான் வீட்டுக் கணக்கு. விரலில் இருந்த கொழுந்துக் கறை முதல் பக்கத்திலேயே பதிந்துவிட்டது. பரவாயில்லை, என் கணக்குத்தானே.

2024 நவம்பர் 17, ஞாயிறு

பக்கத்தில் இரண்டு கோடு போட்டேன். ஒன்று ரூபாவுக்கு, மற்றது பேருக்கு. தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். செக்ரோலில் நம் பெயருக்கு நேரே விழும் அடையாளம் அது. கிலோ குறைந்தால் அரைப்பேர். ஈபிஎப் போக ஒரு பேருக்கு 1,242 ரூபா. ரூபாவில் பார்த்தால் செலவின் பாரம் தெரிவதில்லை, பேரில் பார்த்தால் முதுகுக்குத் தெரிகிறது.

தீபாவளிக்கு உடுப்பு, பலகாரம், கணவர் கொழும்பிலிருந்து வந்து போன பஸ் காசு எல்லாம் சேர்த்து 38,000. அதாவது 31 பேர். ஒரு மாதம் முழுக்க வேலை கிடைத்தாலும் 31 பேர் விழாது. எடுத்த முற்பணம் 20,000 அடுத்த ஓகஸ்ட் வரை வெட்டுப்படும். அது தீர்ந்து இரண்டு மாதத்தில் மறுபடி தீபாவளி. நாள் தெரிந்த செலவு இது. பஞ்சாங்கம் வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் திடீரென்று வந்தது மாதிரித்தான் ஓடுகிறோம்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

புயல் மழையால் உயர்தரப் பரீட்சை நின்றுபோய் மகள் வீட்டில் இருக்கிறாள். அடுப்படி வெளிச்சத்தில் படிக்கிறாள். அவள் பல்கலைக்கழகம் போனால் முதல் செலவுக்கு 60,000 வேண்டும் என்று கணக்குப் பார்த்தோம். மெத்தை, உடுப்பு, பஸ், முதல் இரண்டு மாதச் சாப்பாடு. 49 பேர்.

என் ஈபிஎப் பணத்தைத் தொடலாமா என்று கேட்டாள். பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று இலட்சம் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம், படிப்புக்கு முடியாது என்றேன். என் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போடுவது 12 வீதம். ஒக்டோபருக்கு மட்டும் 5,400. பெண்களுக்கு 50 வயதில்தான் முழுதாகக் கைக்கு வரும்.

அடுப்புப் பக்கம் குளிர் காய்ந்துகொண்டிருந்த அத்தை அப்போதுதான் வாய் திறந்தார். "எனக்கும் மூனரை இலட்சம் வந்துச்சு புள்ள. ஒரு கல்யாணம், ஒரு சாவு, அடகு மீட்டது. ஆறு மாசத்துல எங்க போச்சுன்னே தெரியல. ஒரு வரி எழுதி வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்." முப்பத்தாறு வருடக் கொழுந்து அது.

எழுத்து நம்மிடம் இல்லாத காலமும் இருந்தது. கங்காணிக்குப் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல்தான் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். நம்மைப் பற்றிய கணக்கை இன்னொருவர் எழுதிய காலம் அது. இந்தக் கொப்பியை நான் எழுதுகிறேன்.

2025 ஜனவரி 11, சனி

27ஆம் திகதி பள்ளிக்கூடம் தொடங்குகிறது. மகனுக்குச் சப்பாத்து, பை, கொப்பி. பக்கத்துக் காம்பராத் தங்கச்சி கிழமைக் கடன் எடுக்கக் கூப்பிட்டாள். ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும். கடன்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் வீடுகளை இதே லயத்தில் பார்த்திருக்கிறேன். கிழமைக்கு ஒரு பேர் அவர்களுக்கென்றே போகும், அரைப்பேர் விழுந்த கிழமையிலும். வேண்டாம் என்றேன். சப்பாத்து மட்டும் இப்போது, பை பழையது. அவன் முகம் சுருங்கியது. நானே உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக் கொடுத்தேன்.

டிசம்பரில் நான்கு பேர் காசு ஒதுக்கினேன், இந்த மாதம் மூன்று. அட்டனுக்குப் போய் மகள் பெயரில் கணக்குத் திறந்து போட்டுவிட்டு வந்தேன். 1888இல் தோட்டத் துரைமாருக்காக இந்த ஊரில் ஒரு வங்கி தொடங்கியதாம். இன்றைக்கு அதே ஊரில் கொழுந்துக்காரி நான் மகளுக்குப் பற்றுச்சீட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

2025 மார்ச் 10, திங்கள்

பெப்ரவரியில் 13 பேர், அதில் மூன்று அரைப்பேர். விடியற்காலைப் பனியும் பகல் வெயிலுமாகச் செடி காய்ந்து கிடக்கிறது. கொழுந்து இல்லாவிட்டால் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போயும் திரும்ப வேண்டியதுதான். ஒரு பேர் ஒதுக்கிவிட்டு மற்றதில் மாதத்தை ஓட்டலாம் என்று பார்த்தேன். கோதுமை மாவும் பருப்பும் அரிசியும் வாங்கவே கடைக் கொப்பியில் கடன் ஏறியது. இந்த மாதம் ஒதுக்க ஒன்றும் இல்லை.

தோட்டத்து ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது, திருவிழாவிலும் தவறணையிலும் அழிக்கிறார்கள் என்று சொல்வார்கள். அழிக்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பக்கத்தை அவர்கள் பார்க்க வேண்டும். பலகாரம் இல்லை, புதுச்சேலை இல்லை, சாராயம் இல்லை. அப்படியும் மாதம் நிறையவில்லை. செலவுக்குத் திகதி இருக்கிறது, நம் வரவுக்கு இல்லை. வேலை நாளை உறுதியாகத் தராமல் சம்பளத்தை மட்டும் நூறு நூறாகக் கூட்டினால் இந்தக் குறை தீராது. கொப்பி எனக்குக் காசு தரவில்லை. ஆனால் குற்றம் என்னுடையது இல்லை என்று எழுத்தில் காட்டித் தந்திருக்கிறது.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று உயர்தர முடிவு வந்தது. மகளுக்கு நல்ல பெறுபேறு. அவளுடைய அப்பா புறக்கோட்டைக் கடையிலிருந்து போன் எடுத்தார், பேச்சு வரவில்லை, அழுதார். அத்தை சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார்.

இரவு கொப்பியைப் பிரித்தேன். மகாபொல உதவித்தொகை இந்த வருடம் மாதம் 5,000இலிருந்து 7,500 ஆகியிருக்கிறது. மாதம் ஆறு பேர் எனக்கு மிச்சம். ஆனால் முதல் தவணை வரும்வரை கைக்காசுதான். இதுவரை சேர்ந்தது 11 பேர். இன்னும் 38 வேண்டும். பல்கலைக்கழகக் கடிதம் வர மாதங்கள் இருக்கின்றன. மழை விழுந்துவிட்டது, கொழுந்து நிறையத் தொடங்கிவிட்டது. மேயில் 24 பேராவது விழும்.

மகள் பேனையை வாங்கினாள். லயத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குப் புலமைப்பரிசில் வகுப்பு எடுக்கப்போகிறாளாம், ஆளுக்கு மாதம் 500. "மாசம் நாலு பேர்மா. ஆறு மாசத்துல இருபத்தி நாலு. மிச்சம் பதினாலுதான் ஒங்களுக்கு." இதுவரை என் கறை மட்டுமே படிந்திருந்த பேர்க் கோட்டுக்குள், 24 என்று போட்டுப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.