யாரும் பார்க்காத அடி

முதலில் குடும்பம், அடுத்து வக்கீல் தொழில், கோல்ஃப் கடைசிதான். அட்லாண்டாவின் பாபி ஜோன்ஸ் (1902-1971) போட்டுக்கொண்ட வரிசை அது.

1925 அமெரிக்க ஓப்பனில் அவரது பந்து லேசாக அசைந்தது. மற்றவர் யாரும் கவனிக்கவில்லை. தானே சொல்லி ஓர் அடி அபராதம் ஏற்றார். விளைவு: ஆட்டம் சமன். மறு ஆட்டத்தில் ஒரே அடியில் பட்டம் போயிற்று.

1930ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்கள். பரிசுப் பணத்துக்காக ஆடாத அவர், 28 வயதிலேயே ஓய்வை அறிவித்து, மனைவி மக்களிடமும் சட்டப் புத்தகங்களிடமும் திரும்பினார்.

பிற்காலத்தில் முதுகுத்தண்டு நோய் சக்கர நாற்காலியில் உட்கார்த்தியது. மட்டை சுழற்றிய கை பேனா பிடிக்கவே திணறியது. பந்து கிடக்கும் இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்பது கோல்ஃப் விதி. அந்த விதியை அவர் கடைசிவரை மீறவில்லை.