பின்சக்கரம் சுமந்த பாரம்

சென்ற அரையாண்டு விடுமுறையில் நாங்கள் ஆறு தோழியர் தஞ்சையிலிருந்து தரங்கம்பாடிக்குச் சைக்கிளில் சென்றோம். கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இரண்டு நாள் பயணம். கடலையும், டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையையும் பற்றி வேறொரு தோழி இம்மலரிலேயே எழுதுகிறாள். நாங்கள் எழுதப் போவது சக்கரத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள்!

தலைமையாசிரியைச் சகோதரி அவர்கள் அனுமதி தரும்போது ஒரு நிபந்தனை விதித்தார்கள். "உடற்கல்வி ஆசிரியை ஸ்கூட்டரில் துணைக்கு வருவார், ஆனால் உங்கள் மூட்டையை நீங்களேதான் சுமக்க வேண்டும்." படுக்கை விரிப்பு, மாற்றுடை, அரிசி, பாத்திரம் என்று ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ வந்தது. கேரியரில் வைத்துக் கட்டினால் போயிற்று என்றுதான் நினைத்தோம்.

எங்களில் ஒருத்தியின் பெரியப்பாவுக்கு நெல் மண்டி உண்டு. அங்குள்ள பெரிய தராசின் மீது பின்சக்கரத்தை ஏற்றி, முன்சக்கரத்துக்கு அதே உயரத்தில் செங்கல் அடுக்கி, மூட்டையுடன் ஒருத்தியை உட்கார வைத்தோம். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 72 கிலோ. அதில் பின்சக்கரம் மட்டும் 48 கிலோவைத் தாங்கியது! மூன்றில் இரண்டு பங்கு. பின் டயர் ஏன் முதலில் தேய்கிறது, போக்ஸ் கம்பி ஏன் பின்னால் அறுகிறது என்பது அன்றுதான் விளங்கிற்று.

உடனே சைக்கிள்களைச் சோதித்தோம். இரண்டு பேருக்குப் பின் டயரில் பட்டன் மழுங்கி நூல் தெரிந்தது. இன்னொருத்தியின் பின் ரிம் துருவேறி, போக்ஸ் கம்பி நிற்கும் துளையருகே வெடித்திருந்தது. அவள் வீட்டில் புது ரிம் கேட்கும் நிலை இல்லை. ஆகவே ஆறு பேரும் சேமிப்பை ஒன்றாகப் போட்டோம்.

இங்கேதான் எங்கள் அறிவீனம். கடைக்குப் போய், "அண்ணே, இருபத்தாறு டயர் ரெண்டு கொடுங்க" என்றோம். கொடுத்தார். வீட்டுக்கு வந்து கரண்டிக் காம்பால் நெம்பினோம், மிதித்தோம், வியர்த்தோம். ரிம்மில் ஏறவே இல்லை. டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் 50-559 என்றிருந்தது. எங்கள் பழைய டயரிலோ 37-590. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கியர் சைக்கிளுக்கும் இருபத்தாறு, பெண்கள் சைக்கிளுக்கும் இருபத்தாறு. ஆனால் இடையே 31 மில்லிமீட்டர் வேறுபாடு! நெம்பிய தடம் பட்ட டயரைக் கடைக்காரர் திரும்ப வாங்க முடியுமா? அவர்மேல் தவறில்லை. எண்ணைப் பார்க்காமல் கேட்டது நாங்கள்தான்.

பொதுப் பணத்தில் பாதி போயிற்று. மீதியில் சரியான டயர் வாங்கலாம், அல்லது ரிம் வாங்கலாம். "டயரே வாங்குங்கப்பா, நான் வரலை" என்று அவள் சொல்லிவிட்டு, இரண்டு நாள் இடைவேளையில் எங்களோடு உட்காரவில்லை. அந்த இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்பது உண்மை.

மூன்றாம் நாள் அவள் தன் அப்பாவின் பழைய சைக்கிளில் வந்து நின்றாள். குறுக்குக் கம்பியும், கம்பி பிரேக்கும், கறுப்பு வண்ணமுமாக அது நின்ற கோலத்தைக் கண்டு நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை. "எண்ணிப் பாருங்கடி" என்றாள். முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40. கியர் சைக்கிளில் இரண்டிலும் 36தான். பின்னால்தான் பாரம் என்பதைத் தராசு இல்லாமலே அந்தக் காலத்தவர் கணக்கிட்டிருக்கிறார்கள். டயர் 40-635, பெரிய சக்கரம், பள்ளத்தில் அதிகம் விழாது.

அரிசியும் பாத்திரமும் அந்தச் சைக்கிளுக்கே போயின. அவளாகவே கேட்டு வாங்கிக் கொண்டாள்.

வழியில் குத்தாலம் அருகே ஒரு குழியில் எங்களில் ஒருத்தியின் பின் டியூப் போயிற்று. பாம்பு கடித்தாற்போல் அருகருகே இரண்டு ஓட்டை! முள் குத்தவில்லை, காற்றுக் குறைவாக இருந்ததால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கியிருக்கிறது. பாரம் ஏற்றினால் பின் டயரில் காற்றுக் கூடுதலாக வேண்டும். கியர் சைக்கிளின் மொத்தப் பட்டன் டயர் சேற்றுக்கு ஏற்றது போலும். தார்ச் சாலையில் அது இரைந்துகொண்டே பின்தங்கியது. அகல டயர் வேண்டுமென்றால் வழவழப்பானதாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய சைக்கிளைப் புகழ்ந்துகொண்டே போக முடியாது. மயிலாடுதுறைக்கு முன் மழை பிடித்தது. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கியது. அவள் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் நிற்க முடியாமல் வயல் ஓரத்தில் இறங்கிவிட்டாள். அலுமினிய ரிம் போட்ட கியர் சைக்கிள் மட்டும் சொன்ன இடத்தில் நின்றது. பிறகு மழை விடும்வரை தள்ளிக்கொண்டே நடந்தோம். ஆசிரியையும் ஸ்கூட்டரைத் தள்ளினார்கள், பாவம்.

தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய மறுநாள் திங்கட்கிழமை. வேலைக்குப் போகுமுன் அவளுடைய அப்பா சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "கோட்டம் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு ஏறிச் சென்றார்.