இரண்டு கிரைண்டர் உள்ள வீடு

எங்கள் வீட்டு இரும்புப் பீரோவின் கதவு சரியாகச் சாத்திக்கொள்ளாது. ஒரு கொண்டியைப் பொருத்திவிட்டால் போதும், ஆள் கூலி மிச்சம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தீர்மானித்தார். துளை போடும் யந்திரம் பக்கத்து வீட்டு இரவல். அதில் மாட்டும் பிட் மட்டும் எங்கள் சொந்தம். அரை மணி நேரம் யந்திரம் கிறீச்சிட்டது. புகை வந்தது. துளை மட்டும் வரவில்லை. கடைசியில் பீரோவின் மேல் பளபளவென்று ஒரு பொட்டும், பிட்டின் மூக்கில் நீல நிறமும்தான் மிச்சம்.

கடைக்காரரிடம் காட்டினேன். "இதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. அரிவாள்மணை மழுங்கினால் தூக்கியா எறிகிறோம்? அடுத்த வாரம் காரியாலய வேலையாகக் கோயம்புத்தூர் போகவேண்டியிருந்தது. பிட்டைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். யந்திரங்களின் ஊரில் இதற்கு ஒரு வைத்தியர் இல்லாமலா போய்விடுவார்?

கோவையைப் பஞ்சாலை நகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஸ்டேன்ஸ் துரை 1888-ல் முதல் ஆலையைத் தொடங்கினார். 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்தபிறகு ஆலைகள் பெருகின. ஆலை இருந்தால் அதைப் பழுது பார்க்கப் பட்டறை வேண்டும். பட்டறை இருந்தால் கை சும்மா இருக்குமா? ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் இந்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். பம்பும் வந்தது. நம்மைப் போன்றவர்களின் தோள்பட்டையைக் காப்பாற்றிய மாவரைக்கும் கிரைண்டரும் இந்த ஊர்ச் சரக்குதான்.

ஆவாரம்பாளையத்துத் தெருக்களில் காலை ஒன்பது மணிக்கு நடந்து பாருங்கள். ஒரு வீட்டில் குக்கர் விசில், அடுத்த வீட்டில் லேத்தின் ஓங்காரம். வாசலில் கோலம், கோலத்துக்கு ஓரடி தள்ளி இரும்புச் சுருள் நிரம்பிய பழைய டிரம். முன்னறையில் பட்டறை, பின்னறையில் குடித்தனம். பெரிய கம்பெனிகள் வார்ப்புகளைக் கொடுக்கின்றன. இவர்கள் கடைந்து, துளை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 'ஜாப் ஒர்க்' என்று பெயர். துளைக்கு இவ்வளவு என்று கூலி.

ஒரு பெட்டிக்கடையில், "இங்கே கிரைண்டர் வைத்திருக்கும் வீடு எதுங்க?" என்று கேட்டேன்.

"எந்தக் கிரைண்டருங்க? மாவா, சாணையா?"

"சாணை" என்றேன்.

"அப்படீன்னா அந்த மஞ்சக் கதவு வீட்டுக்குப் போங்கம்மிணி. அங்கே ரெண்டுமே இருக்குது."

மஞ்சள் கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, மேலே ஆண்கள் போடும் காக்கிச் சட்டை ஒன்றை மாட்டியிருந்தார். "அவருங்களா? உள்ளே லேத்துல இருக்காருங்க. பிட்டு தீட்டறது நானுங்க. குடுங்க பார்க்கலாம்" என்று கையை நீட்டினார்.

நான் கொடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடடா, யாருங்க இதைப் போட்டு இந்தப் பாடு படுத்துனது?" என்றார். கணவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் மௌனம் சாதித்தேன்.

அந்த அம்மாள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். பிட்டின் உடம்பெல்லாம் முறுக்கு முறுக்காக ஓடுகிறதே, அது வெட்டுவதற்கல்ல. வெட்டிய தூளை வெளியே தள்ளுவதற்கு. (இந்த முறுக்குக்கு அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் 1863-ல் பேடண்ட் வாங்கினார்.) இரும்பை வெட்டுவது நுனியில் உள்ள இரண்டே இரண்டு ஓரங்கள். இரண்டும் சேர்ந்து கூரை போல 118 டிகிரி சரிந்திருக்க வேண்டும். கடினமான எஃகு என்றால் கூரை இன்னும் தட்டை, 135 டிகிரி. ஓரத்துக்குப் பின்னால் இருக்கும் பாகம், அதாவது குதிகால், ஓரத்தைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். தாழவில்லையென்றால் குதிகால் இரும்பைத் தேய்க்குமே தவிர, ஓரம் வெட்டாது. எங்கள் பீரோ புகைந்த ரகசியம் இதுதான்!

"ரெண்டு ஓரமும் ஒரே நீளம் இருக்கோணுங்க. ஒண்ணு நீண்டா, பத்து மில்லிப் பிட்டு பத்து மில்லித் துளை போடாது, பெரிசாப் போட்டுரும். அப்பறம் சரக்கு பூராவும் திரும்பி வந்துரும். வார்ப்புக் காசும் நம்ம தலையிலதான்" என்றார்.

சாணைக்கு எதிரே போய் நின்றதும், ஆணியில் தொங்கிய இரண்டு கண்ணாடிகளில் ஒன்றைத் தாம் மாட்டிக்கொண்டு மற்றொன்றை என்னிடம் நீட்டினார். நான் தூரத்தில்தானே நிற்கிறேன் என்றேன். "போட்டாத்தான் சுவிட்சைப் போடுவேனுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாணைக்கல் பளபளப்பாக இருந்தது. பளபளத்தால் அது வெட்டாதாம். பல் சக்கரம் வைத்த ஒரு கருவியை அதன்மேல் அழுத்தி முகத்தைச் சொரசொரப்பாக்கினார். அம்மி கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் நீலம் பாய்ந்த நுனியை முழுக்கத் தேய்த்து எடுத்தார். பிறகு இடது கை விரல்களில் பிட்டைத் தாங்கி, ஓரம் படுக்கை வசமாக இருக்கும்படி கல்லில் தொட்டு, வலது கையால் பிட்டின் வாலை மெல்லக் கீழே இறக்கினார். பொறி பறந்தது. பிட்டை அரைச் சுற்றுத் திருப்பி மறு ஓரம். இந்தப் பக்கம் மூன்று தடவை என்றால் அந்தப் பக்கமும் மூன்று. கை பொறுக்காத சூடு வருமுன் தண்ணீரில் ஒரு முக்கு. பழுக்கக் காய்ந்தபின் தண்ணீரில் போட்டால் மயிரிழை விரிசல் விழும் என்றார்.

கோணம் பார்க்க அவரிடம் இருந்த உபகரணத்தைக் கண்டு சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு அறுகோண நட்டுகள்! பக்கத்தோடு பக்கம் ஒட்டவைத்தால் நடுவே ஒரு பள்ளம் விழுகிறதல்லவா? அது 120 டிகிரி. பிட்டின் நுனி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் சரி.

இதற்கு இப்போது யந்திரம் வந்துவிட்டது. பிட்டைச் செருகினால் தானே தீட்டிக்கொடுக்கும். அந்த அம்மாளும் பார்த்திருக்கிறார். "நல்லாத்தான் தீட்டுதுங்க. ஆனா அதுக்குக் கட்டற தவணைக்கு இன்னும் எத்தனை துளை போடறது?" என்று கேட்டார்.

தீட்டி முடித்த பிட்டை உள்ளே எடுத்துக்கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்தார். அவர் அதைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் இரண்டு ஓரங்களையும் தடவினார். "வலது பக்கம் ஒரு மசுரு நீளம் புள்ள" என்றார். அந்த அம்மாள் மறு பேச்சில்லாமல் திரும்பிப்போய், கல்லில் ஒரே ஒரு தொடு தொட்டுக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடது கருவிழியின்மேல் வெள்ளையாக ஒரு தழும்பு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சாணையிலிருந்து ஒரு பொறி தெறித்திருக்கிறது. கண்ணாடி ஆணியில்தான் தொங்கியதாம். வலியோடு பக்கத்துப் பட்டறைக்குப் போனார். அங்கே ஒருவர் காகித முனையை மடித்துத் துரும்பை எடுத்துவிட்டார். பட்டறைகளில் இது சர்வ சாதாரணம். இரண்டு நாள் கண் சிவந்திருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழியில் புண் சீழ் வைத்திருந்தது. புண் ஆறிற்று, பார்வை திரும்பவில்லை.

ஒற்றைக் கண்ணால் லேத்து ஓட்டினார். சின்னப் பிட்டைக் கல்லில் வைக்கும்போதுதான் தூரம் பிடிபடவில்லை. வெளியே கொடுத்துத் தீட்டினால் கூலியில் பாதி அதற்கே போயிற்று. "நான் தீட்டறனுங்க"ன்னு கேட்டதற்கு, "ஒரு கண்ணு போனது போதாதா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

"அப்புறம்?" என்றேன்.

அந்த அம்மாள் கணவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவரு கோயிலுக்குப் போற நேரத்துல கழிச்சுப்போட்ட பிட்டை எடுத்துத் தீட்டிப் பழகுனனுங்க. கெடுத்ததையெல்லாம் அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சேன். ஒரு நா சோத்துக்கு அரிசி அளக்கப் போனவரு கையில ஒரு கைப்பிடி பிட்டு வந்துருச்சு."

"திட்டினாரா?"

"ஒண்ணும் பேசலீங்க. ஒவ்வொண்ணா எடுத்து நகத்துல தடவிப் பார்த்தாரு. மக்யா நாள் டவுனுக்குப் போயி இந்த ரெண்டு கண்ணாடியும் வாங்கிட்டு வந்தாரு."

உள்ளிருந்து லேத்துச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது: "நாப்பத்தியொரு பிட்டுங்கம்மிணி. எண்ணுனேன்!"

என் பிட்டை யந்திரத்தில் மாட்டி ஓர் இரும்புப் பட்டையில் இறக்கிக் காட்டினார்கள். அலறல் இல்லை, புகை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பருமனில் இரண்டு சுருள்கள், இரட்டைப் பின்னல் போலப் புரண்டு வந்தன. "ரெண்டு சுருளும் ஒண்ணு போல வந்தா, தீட்டுனது சரிங்க. வார்ப்புல பார்க்க முடியாது, அதுல கருந்தூள்தான் வரும்" என்றார் அம்மாள். சுருள்களைத் தொடப்போன என் கையைத் தட்டிவிட்டார். கத்தியைவிடக் கூர்மையாம்.

கூலி கேட்டேன். ஒரு பிட்டுக்குக் கூலி வாங்குவதில்லை என்று மறுத்துவிட்டார். டம்ளர் நிறையக் காப்பி வேறு. வாசல் வரை வந்தவர், "வீட்டுக்காரர்தானுங்களே துளை போட்டது?" என்று கேட்டார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! ஆமாம் என்றேன். "கண்ணாடி போட்டாருங்களா?"

பீரோவுக்கு இப்போது கொண்டி பொருத்தியாகிவிட்டது. இரண்டே நிமிஷ வேலை. கண்ணாடி அணிந்த என் கணவர் விமானம் ஓட்டப் போகிறவரைப் போல இருப்பதாக என் பெண் சொன்னாள். இரவல் யந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தக் கண்ணாடியையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் வீட்டில் அது இல்லை.