ஏரியைப் பேசி மீட்ட ஊர்... நாவல் பேசினால் என்ன ஆகும்? - சிட்லபாக்கத்தில் ஒரு வாசிப்பு உலா!

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டினால் அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். 1928-ல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனைதான் நிறுத்தத்துக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது. இறங்கிக் கிழக்குப் பக்கமாக வெளியே வந்தால், கொஞ்ச தூரத்தில் சிட்லபாக்கம்.

சுற்றிலும் செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்பாக்கம் என்று ஒரே பாக்கங்கள். எல்லாவற்றிலும் ஒரு ஏரி உண்டு. ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த இந்த ஊர்கள் இன்று தனி வீடுகளும் அடுக்குமாடிகளுமாக நெருங்கிக் கிடக்கின்றன. தஞ்சாவூர், திருநெல்வேலி, மதுரை என்று எங்கெங்கிருந்தோ வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வந்தவர்கள் இங்கே வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். காலையில் ரயிலைப் பிடித்து, இரவு வீடு திரும்பும் வாழ்க்கை. எதிர் வீட்டில் இருப்பவர் பெயர்கூடச் சிலருக்குத் தெரியாது. ஆனால், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்வார்கள்!

அப்படிப்பட்ட ஊரில் ஒரே நாவலை இருபது பேர் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும்?

முதலில் ஏரிக்கரை

சிட்லபாக்கம் வருபவர்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் ஏரிதான். முன்பு 80 ஏக்கருக்கும் மேல் பரந்திருந்த ஏரி இது. இப்போது மிச்சமிருப்பது ஏறக்குறைய பாதி. ஆக்கிரமிப்பு, கழிவுநீர், குப்பை என்று நகரத்து ஏரிகளுக்கு வரும் எல்லா நோயும் இதற்கும் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருக்களுக்குள் தண்ணீர் வந்தது. 2019 கோடையில் சென்னையே தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. ஒரு வருடம் தண்ணீர் அதிகம், இன்னொரு வருடம் தண்ணீரே இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது.

அந்தக் கோடையில்தான் தன்னார்வலர்கள் கையுறையும் மண்வெட்டியுமாக ஏரிக்குள் இறங்கினார்கள். 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற குடியிருப்போர் அமைப்பு தொடர்ந்து குரல் கொடுத்தது. அதே ஆண்டு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது தமிழக அரசு. 2021 நவம்பரில் சிட்லபாக்கம் பேரூராட்சி, 5 நகராட்சிகளோடும் மற்ற 4 பேரூராட்சிகளோடும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது.

இந்த ஏரி மீண்டதற்குப் பணமும் இயந்திரமும் காரணம்தான். ஆனால், அதற்கு முன்பு முகம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி நின்று பேசினார்கள். அந்தப் பழக்கம் இந்த ஊருக்கு இருக்கிறது. நாவல் பேசுவதற்கும் அதுதானே முதல் தேவை?

இந்த ஊருக்கென்றே மூன்று நாவல்கள்

எந்த நாவலில் தொடங்கலாம் என்று கேட்டால், ஏரிக்கரையே பதில் சொல்லும்.

முதலாவது, அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973-ல் புத்தகமாக வந்த சிறிய நாவல். குழாயில் தண்ணீர் வராத ஒரு சென்னைத் தெரு. குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா. ஜமுனாவின் வாழ்க்கையில் இருக்கும் வறட்சியும் தெருவின் வறட்சியும் ஒன்றோடொன்று கலந்து போகும். 2019-ல் இரவு இரண்டு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடிய ஒரு குடும்பத்தலைவிக்கு இந்த நாவலைப் பற்றிச் சொல்ல எவ்வளவு இருக்கும்! அதே வீட்டின் கல்லூரி மாணவி, "அம்மா, நீ தண்ணீரைப் பத்தியே பேசுற. ஜமுனாவைப் பத்திப் பேசு" என்று மடக்கலாம். ஒரு நாவலை அம்மாவும் மகளும் எப்படி வெவ்வேறாகப் படிக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்'. 1991-ல் வெளியானது. விளைநிலம் குடியிருப்புக் காலனிக்காகக் கையகப்படுத்தப்படுகிறது. நிலத்தை இழந்த ஒரு விவசாயக் குடும்பம் என்ன ஆகிறது என்பதே கதை. கொங்கு நாட்டில் நடக்கும் கதைதான். ஆனால், நாற்று நட்ட இடத்தில் மனை பிரித்துக் கல் நட்ட எந்தப் புறநகருக்கும் அது பொருந்தும். இதைப் படித்துவிட்டுப் பேசும்போது, ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும், கடன் வாங்கி மனை வாங்கியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு அது இழந்த வயல். இன்னொருவருக்கு வாழ்நாள் சேமிப்பில் கட்டிய வீடு. இருவர் பேசுவதும் நியாயம்தான். நேரடியாக இந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில் முடியலாம். நாவலில் வரும் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானமாகக் கேட்க முடியும்.

மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம், கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950-ல் தொடங்கி 1954 வரை வார இதழில் வந்த தொடர். வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் காட்சி எங்கே? ஆடிப்பெருக்கு அன்று, வீரநாராயண ஏரிக்கரையில்! அதுதான் இன்றைய வீராணம். 2004 முதல் அந்த ஏரியின் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. சோழர் வெட்டிய ஏரி சென்னையின் தாகத்தைத் தீர்க்கிறது, நம் தெருக்கோடி ஏரியை நாம் பாதியாக்கிவிட்டோம் என்று யாராவது ஆரம்பித்தால், அன்றைய கூட்டம் எட்டு மணிக்கு முடியாது!

வாசகர் கருத்து நாவலையே பிறக்க வைத்த கதை

"நாம படிச்சுக் கருத்துச் சொன்னா என்ன ஆகிடப்போகுது?" என்று நினைப்பவர்கள் ஜெயகாந்தனின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1966-ல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழை மாலையில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, ஏமாந்து வீடு திரும்பும் ஒரு கல்லூரி மாணவி. அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். தமிழகமே இரண்டு பட்டது. அந்த அம்மா செய்தது சரி என்றார்கள் சிலர். ஒப்புக்கொள்ளவே முடியாது என்றார்கள் பலர்.

ஜெயகாந்தன் அந்த விவாதத்தை அப்படியே விட்டுவிடவில்லை. அந்த அம்மா அணைத்துக்கொள்ளாமல், ஊரே கேட்கும்படி கத்தியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதை ஒரு பத்திரிகையில் வெளியாகிறது. கதாநாயகி கங்கா அதைப் படிக்கிறாள்! 1972-ல் இந்த நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. 1977-ல் லட்சுமி நடிப்பில் படமாகவும் வந்தது.

முழுசாகப் படித்தவர் மட்டும் பேசலாம்

இதற்கு நேர்மாறான கதைகளும் உண்டு. அதில் ஒன்றுக்குச் சிட்லபாக்கத்தின் பக்கத்து வளாகத்தோடு தொடர்பு இருக்கிறது. 1949-ல் சி.ராஜம் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் அப்துல் கலாம் படித்தது எல்லோருக்கும் தெரியும். எழுத்தாளர் சுஜாதாவும் அங்கேதான் படித்தார். 1857 கிளர்ச்சியைப் பின்னணியாக வைத்து அவர் குமுதத்தில் எழுதத் தொடங்கிய 'கருப்பு சிவப்பு வெளுப்பு' தொடர், எதிர்ப்பு கிளம்பியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்ற தலைப்பில் அதை எழுதி முடித்தார்.

2014 இறுதியில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்பு இன்னும் கடுமையானது. 2010-ல் வெளிவந்த நாவல் அது. சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்துப் பரப்பப்பட்டன. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பிறகுதான் மீண்டும் எழுத வந்தார்.

நாவல் பிடிக்காமல் போவது வாசகரின் உரிமை. "இதை ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்வதற்கும் கூட்டத்தில் இடம் வேண்டும். ஆனால், நாலு பக்கத்தைப் போனில் பார்த்துவிட்டு ஒரு புத்தகத்துக்கே தீர்ப்பெழுதுவது இன்று ரொம்ப சுலபம். அதனால்தான் எந்த வாசகர் வட்டத்துக்கும் முதல் விதி, புத்தகத்தை முடித்துவிட்டு வர வேண்டும் என்பதாக இருந்தால் நல்லது. இரண்டாவது விதி, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது. இந்த இரண்டும் பழகிவிட்டால், குடியிருப்போர் சங்கக் கூட்டமே கொஞ்சம் அமைதியாக நடக்கும்!

ரயில் ஏறிப் போனவர்கள்

சென்னைக்கு வாசகர் கூட்டங்கள் புதிதில்லை. 1970-ல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை', மாதம்தோறும் பத்திரிகைகளில் வரும் சிறுகதைகளைப் படித்து, அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துப் பேசியது. 2014-ல் தொடங்கிய 'வாசகசாலை', மேடையை வாசகர்களிடமே கொடுத்தது. பேராசிரியர்களும் விமர்சகர்களும் பேசிவந்த இடத்தில், ஐ.டி. ஊழியரும் இல்லத்தரசியும் தாங்கள் படித்த நாவலைப் பற்றிப் பேசினார்கள்.

ஆனால், இப்படிப்பட்ட கூட்டங்கள் பெரும்பாலும் நகரத்துக்குள் நடக்கும். சானடோரியத்தில் ரயில் ஏறி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் போய், இரவு திரும்ப வேண்டும். வாரம் முழுக்க அலைந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அலைச்சல் என்றால் எப்படி? முழங்கால் வலி உள்ள பெரியவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் முதலிலேயே விடுபட்டுப் போகிறார்கள். நடந்து போகிற தூரத்தில் கூட்டம் நடந்தால்தான் அவர்கள் வருவார்கள். தெருவிலேயே அதிகம் படிப்பவர் அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார்!

எப்படித் தொடங்குவது?

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மாதம் ஒரு நாவல், 200 பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. பத்துப் பேர் போதும். ஏரிக்கரை நடைபாதை, பூங்கா, மொட்டை மாடி, எது வசதியோ அது. ஆளுக்கு ஐந்து நிமிடம். கதையைச் சொல்லாமல், எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தீர்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். மாதம் ஒருவர் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவரலாம்.

புத்தகம் எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. கிளை நூலகங்களில் கிடைக்கும். பல நூலகங்களில் 'வாசகர் வட்டம்' என்ற அமைப்பே இருக்கிறது; கூட்டம் நடத்த நூலகரிடம் கேட்கலாம்.

கேட்கத் தயங்க வேண்டியதும் இல்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதற்கு அடித்தளம் போட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-ல் கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் நூலகங்களுக்கான தன் ஐந்து விதிகளை அவர் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகும் நூலகமும் தொடங்கியது.

அந்தச் சட்டத்தின்படி, ஒவ்வொரு வீட்டின் சொத்து வரியோடும் நூலக வரி சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. சிட்லபாக்கத்தில் வீடு வைத்திருக்கும் எல்லோரும் ஏற்கெனவே தங்கள் பங்கைக் கட்டிவிட்டார்கள். அடுத்த முறை ரசீது வரும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு, எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, "தண்ணீர் படிச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். மோட்டார் போடச் சொல்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, பேச்சு அங்கிருந்தே தொடங்கட்டும்!