ஓடுகிற பிள்ளையின் தட்டு



இந்த வாரத் தியானத்தை என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

நம் சரவணம்பட்டிச் சபையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி 800 மீட்டர் ஓடுகிறவள். மாதத்தின் முதல் வெள்ளியன்று நாம் கூடும் உபவாச ஜெபத்தை அவள் தவறவிட்டதே இல்லை. வாலிபர் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, பந்தயத்தில் ஓடுகிறவர்களின் இச்சையடக்கத்தைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதற்கு இவளே சாட்சி என்று பாராட்டினேன். அடுத்த மாதம் பள்ளிகளுக்கிடையேயான போட்டி அதே வெள்ளியன்று வந்தது. முந்தின இரவு உண்டதோடு சரி. காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினாள். கடைசி நூறு மீட்டரில் கண் இருண்டு விழுந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மர நிழலில் அமர்ந்திருந்தாள். கையில் யாரோ கொடுத்த சர்க்கரைத் தண்ணீர். என்னைக் கண்டதும், "உபவாசத்தை மட்டும் நான் விடலைங்கய்யா" என்றாள். அந்தச் சொல் என்னைக் குற்றவாளியாக நிறுத்தியது. வேதாகமக் கல்லூரியில் பவுலின் நிருபங்களை மூலமொழியில் கற்றவன் நான். ஆனால் அந்தப் பிள்ளை காலையில் என்ன உண்டாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு நம் சபையிலுள்ள உணவியல் ஆசிரியை ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சோற்றிலும் களியிலும் உள்ள மாவுச்சத்து, கிளைக்கோஜனாகத் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. வேகமாக ஓடும் கால்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். இரவு முழுவதும் உறங்கும்போது ஈரலின் சேமிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகையால் போட்டிக்கு மூன்று, நான்கு மணி நேரத்திற்கு முன் எளிதில் செரிக்கும் உணவும், ஒரு மணி நேரத்திற்கு முன் ஒரு வாழைப்பழமும், இடையிடையே தண்ணீரும் வேண்டும். ஓடி முடித்தபின் தேய்ந்த தசையைச் சீராக்கப் புரதம் வேண்டும். பயிற்சி செய்வோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 45 கிலோ எடையுள்ள மகளுக்குக் குறைந்தது 54 கிராம்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடிகளில் முடித்தார். வெண்கலம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. நூற்றில் ஒரு விநாடியில் பதக்கம் போயிற்று. அந்த ஊர் உணவு ஒத்துக்கொள்ளாமல், அரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயுமே உண்டு ஓடியதாகவும், இறுதி 35 மீட்டரில் சக்தி தளர்ந்ததற்கு அதுவே காரணம் என்றும் பின்னாளில் அவரே கூறினார். பயிற்சியில் குறை வைக்காத ஒருவருக்கே தட்டில் இருந்த குறை இவ்வளவு செய்யுமானால், நம் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்வது?

இதற்கு விலையுயர்ந்த புரதப் பொடி தேவையில்லை. நம் கொங்குச் சமையலறையே போதும். அரிசிம்பருப்புச் சாதத்தில் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்தே வருகின்றன. நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம், நிலக்கடலையில் 25 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். ராகிக் களி எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்துத் தரும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். உணவோடு தேநீர் குடித்தால் அது தடைபடும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கடுமையாகப் பயிற்சி செய்து குறைவாக உண்ணும் பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், எலும்பும் வலுவிழக்கும். அதை உழைப்பின் அடையாளம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இன்னொன்றையும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் கடைசி முட்டை யார் தட்டில் விழுகிறது? ஓடிவிட்டு வந்த மகள், அண்ணன் தம்பிகள் உண்டு எழும்வரை காத்திருக்கிறாளா?

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் யவீருவின் மகளை நம் ஆண்டவர் உயிரோடு எழுப்புகிறார். அவளுக்குப் பன்னிரண்டு வயது. சுற்றி நின்றவர்கள் திகைத்து நிற்கையில், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி அவர் சொல்கிறார். அந்த அதிகாரத்தின்மேல் நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அற்புதத்தோடு முடித்துவிட்டு, அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். மரணத்தை வென்றவர் ஒரு சிறுமியின் பசியை மறக்கவில்லை, நான் மறந்தேன். பவுல் சொன்ன இச்சையடக்கம் பந்தயத்தில் ஓடி முடிப்பதற்கானது, பாதியில் விழுவதற்கானது அல்ல. வளரும் பிள்ளைக்கு வேளை தவறாமல் உண்பதும், உறங்குவதும், கடையில் பொரித்ததை விலக்குவதும் அடக்கமே.

சென்ற ஞாயிறு அந்த மகளிடம் சபையார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். இனி உபவாச நாட்களில் வளரும் பிள்ளைகளும் பயிற்சியில் இருப்போரும் உண்டுவிட்டு வந்து ஜெபிக்கட்டும். கைப்பேசியையோ வீண்பேச்சையோ அவர்கள் விலக்கி வைக்கலாம். ஞாயிறு ஆராதனைக்குப்பின் பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் முட்டையும் தர மூப்பர்கள் இசைந்துள்ளனர். முதல் வாரச் செலவு என்னுடையது.

உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் அவரது கிருபை உங்களோடிருப்பதாக. ஆமென்.