வண்டி இல்லியா?

காஞ்சிபுரத்தில் ஏறிய பஸ் ஓரிக்கை தாண்டிப் பாலாற்றைக் கடந்ததும் பக்கத்து சீட்டுப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எங்கே போகிறேன், யார் வீட்டுக்கு, என்ன உத்தியோகம் என்ற மூன்றும் முடிந்த பிறகு, "வண்டி இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "ரிப்பேரா?" என்றார். வாங்கவே இல்லை என்று சொன்னதும் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்.

மாகறல் போய், வெங்கச்சேரியில் செய்யாறு. 2021 நவம்பர் வெள்ளத்தில் இங்கே இருந்த தரைப்பாலம் உடைந்து, காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நேர்வழி அறுந்துபோனது. பெரியவருக்கு அது நேற்று நடந்த மாதிரி இருந்தது. "மழ புடிச்சிக்கிச்சின்னா அந்தாண்ட இருக்கறவன் அந்தாண்ட, இந்தாண்ட இருக்கறவன் இந்தாண்ட" என்றார். இந்தச் சாலையில் பஸ்ஸை நம்பி வாழ்கிறவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் உண்மையான சீசன். மற்ற மாதங்களில் கைக்கடிகாரத்தைப் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்பலாம். இந்த இரண்டு மாதத்தில் வானத்தையும் பார்க்க வேண்டும்.

நான் போனது ஒரு நண்பரைப் பார்க்க. கோயம்புத்தூர்க்காரர். வேலை நிமித்தமாகப் பல வருடம் ஸ்பெயினில், அலிகாந்தே பக்கம் ஒரு கடற்கரை ஊரில் இருந்தார். அங்கேயும் கார் வைத்துக்கொள்ளவில்லை. கடலோரமாகவே டிராம் உண்டு. பெனிடோர்ம், தேனியா வரைக்கும் அதிலேயே போய்விடலாம். ஆகஸ்டில் மணலில் துண்டு விரிக்க இடம் கிடைக்காத ஊர்கள் அவை. நவம்பர் வந்தால் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும், பஸ்ஸும் குறைந்துவிடும். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பியவர், கோவையில் வீடு பார்க்கவில்லை. கல்வெட்டுப் பைத்தியம் அவரை உத்திரமேரூரில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இந்த ஊரில் அவருக்கு உறவில்லை, நிலமில்லை, வண்டியும் இல்லை. மனைவி கூடவே வந்தார். இந்த வாழ்க்கை அவருக்கு எப்படி இருக்கிறது என்பது மாலையில்தான் தெரிந்தது.

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. வடக்கே காஞ்சிபுரம், கிழக்கே செங்கல்பட்டு, இரண்டும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். செங்கல்பட்டு போய்விட்டால் மின்சார ரயில் இருக்கிறது, சென்னை கைக்கு எட்டிய மாதிரி. இந்த இரண்டு தடத்திலும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஊருக்குள்ளேயோ வண்டியே தேவையில்லை. 2011 கணக்கெடுப்பில் சுமார் 25,000 பேர் இருந்த பேரூர் இது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வைகுண்டப் பெருமாள் கோயில், அங்கிருந்து சுந்தரவரதர் கோயில், இடையில் கடைத்தெரு, வங்கி, தாலுகா ஆபீஸ், அரசு மருத்துவமனை என எல்லாவற்றையும் வெயில் ஏறுவதற்குள் காலால் அளந்துவிட்டோம். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவன் காலத்தில் பிரமதேயமாக வகுக்கப்பட்ட ஊர். பின்னால் இதை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரித்துச் சபை நடத்தினார்கள். நடக்கிறவனுக்காகப் போட்ட ஊர் என்பது தெருவில் கால் வைத்தாலே புரிகிறது. வீடு, கோயில், குளம், சந்தை எதுவும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லை. சென்னைப் புறநகரில் புதிதாக எழும் எந்த நகரையும் இப்படிப் போடுவதில்லை. பால் பாக்கெட்டுக்கே ஸ்கூட்டர் எடுக்க வேண்டியிருக்கிறது.

வைகுண்டப் பெருமாள் கோயில் வாசலில் சென்னைப் பதிவெண்ணோடு நாலைந்து கார்கள் நின்றன. பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறை, எல்லோருக்கும் பாடப்புத்தகத்திலேயே தெரியும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரைக் குறிப்பிட்டுப் பேசினார். அதற்குப் பிறகு கார்கள் கூடியிருக்கின்றன என்றார் நண்பர். வருகிறவர்கள் கல்வெட்டுள்ள அதிட்டானத்தைச் செல்போனில் படம் பிடித்து, அரை மணியில் ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். குளிர்காலமாக இருந்தால் அடுத்து வேடந்தாங்கல். அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை பறவைகள்.

"இந்தக் கல்வெட்டுப்படி என் பேரு ஓலைல ஏறாதுங்க" என்றார் நண்பர், சுவரைத் தடவிக்கொண்டே. உண்மைதான். கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வாடகைக்காரருக்கு முதல் இரண்டிலேயே கதவு மூடிவிடுகிறது.

அவருக்குப் பிடித்த கல்வெட்டு குடவோலை அல்ல. இந்த ஊரில் சாலை ஒன்று தண்ணீரில் மூழ்கி, மாடுகூட நடக்க லாயக்கில்லாமல் போனபோது, சபை கூடிக் குடியானவர்களிடம் நிலம் வாங்கி அதை அகலப்படுத்த ஏற்பாடு செய்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் வழி அறுந்துபோவது அன்றைக்கே ஊரின் முதல் கவலைகளில் ஒன்று. ஏரிக்கென்று ஆறு பேர் கொண்ட வாரியம் தனியாக இருந்ததும் சும்மா இல்லை. அந்த ஏரி, வைரமேகத் தடாகம், இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. நண்பரின் காலை நடை அதன் கரையில்தான்.

வீட்டுக்குப் போனோம். வண்டி இல்லாத குடும்பம் எப்படிச் சாமான் வாங்குகிறது என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்பதற்குள் பதில் தெருவில் வந்தது. டாட்டா ஏஸில் ஒலிபெருக்கி கட்டி வெங்காயம் போனது, பின்னால் மொபெட்டில் மீன், அதற்கும் பின்னால் ஒரு அம்மா தலைக்கூடையில் கீரை. கேஸ் சிலிண்டர் வீட்டுக்கே வருகிறது, தண்ணீர் கேனும் வருகிறது. அரிசி மூட்டையைக் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து போடுகிறான். அந்தச் சைக்கிளைக் கவனித்தேன். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுப்பது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லா மாணவர்களுக்கும் விரிந்த திட்டம். படித்து முடித்த பிள்ளை பைக்குக்கு மாறிவிடுகிறான். சைக்கிள் தாத்தாவுக்குப் போகிறது. உத்திரமேரூர் தெருக்களில் பள்ளிச் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள்.

இதுவரை எல்லாம் சுகம்தான். இந்த ஊரில் வண்டி இல்லாமல் வாழ முடியுமா என்று யாராவது கேட்டால், மதியம் வரை நான் தாராளமாக முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நண்பரின் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இப்போது வாரத்தில் சில மாலைகள் சாலவாக்கம் பக்கம் ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். அன்று நானும் கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த டவுன் பஸ் நின்றது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்த அன்றே ஸ்டாலின் கையெழுத்திட்டது. விடியல் பயணம் என்று பின்னால் பெயர் வைத்தார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தால் அந்தக் கணக்கில் வராத ஒன்று தெரிகிறது: ஏறக்குறைய முழுவதும் பெண்கள். ஆட்டுத் தழைக்கட்டோடு ஒரு பாட்டி, தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு வரும் இரண்டு பேர், கைக்குழந்தையோடு ஒரு பெண். ஆண்கள் எங்கே? சாலையில் பைக்கில் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஒரே வீட்டில் புருஷன் பெட்ரோல் போட்டுப் போகிறார், பெண்டாட்டி ஓசி டிக்கெட்டில் போகிறார். பஸ் என்பது மெல்ல மெல்லப் பெண்களின் வாகனமாக மாறிக்கொண்டிருக்கிறது. பெண்கள் மட்டும் ஏறுகிற ஒன்று நேரத்துக்கு வரவில்லை என்றால் ஊரில் யாரும் பெரிதாகச் சத்தம் போடுவதில்லை. இது என் சந்தேகம்தான், ஆனால் பலமான சந்தேகம்.

கிராமத்துக்குள் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான் பஸ். காலையில் பள்ளி நேரத்துக்கு ஒன்று, மாலையில் ஒன்று, கடைசியில் இரவு ஹால்ட் வண்டி; அது அங்கேயே தங்கி விடிந்ததும் கிளம்பும். டிரைவர் வராவிட்டால் டிரிப் கட். பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்குச் சிறப்பு பஸ் விடுகிறார்கள் என்றால் இங்கே ஒன்றிரண்டு காணாமல் போகும். "கிரிவலத்துக்கு நானும் போனதில்லைங்க, ஆனா மாசா மாசம் எனக்குத்தான் நடை" என்றார் அந்த அம்மா.

மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தபோது எதிரே வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய பஸ், ஏசியோடு, கிராமத்து ஆலமரத்தடியிலிருந்து திரும்பி வந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ். அரசு பஸ் எட்டிப் பார்க்காத நேரத்தில், எட்டிப் பார்க்காத தெருமுனைவரை அது வருகிறது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் வருகிறது, நிமிடம் தவறாமல் வருகிறது. அடையாள அட்டை இல்லாதவர்கள் ஏற முடியாது. இந்தச் சாலையில் இத்தனை பெரிய பஸ்ஸைத் திருப்ப முடியாது, கூட்டம் சேராது என்றெல்லாம் சொல்கிறவர்கள் அந்த ஆலமரத்தடியில் ஒரு நாள் நின்று பார்க்கலாம். 1997இல் மினி பஸ் திட்டம் வந்தது இப்படிப்பட்ட கிராமங்களுக்காகத்தான். 2025 ஜூனில் அதைப் புது வடிவில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். 25 கிலோமீட்டர் வரை தடம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பகுதியாக இருக்க வேண்டும் என்று விதி. இந்தக் கிராமத்துக்கு இன்னும் வரவில்லை.

டியூஷன் முடிய ஏழு ஆகிவிட்டது. ஹால்ட் வண்டி இந்தப் பக்கம் வரும், திரும்பிப் போகாது. மெயின் ரோடு வரை நடந்தோம். அங்கே நான் நின்ற மாத்திரத்தில் ஒரு பைக் தானாகவே வேகம் குறைந்தது. "உத்தரமேரூரா ணா? ஏறுங்க" என்றார் ஓட்டியவர். கை காட்டக்கூட இல்லை. நண்பர் சொல்லியிருந்தார்: இந்தப் பக்கத்தில் லிஃப்ட் கேட்டு ஏமாந்ததே இல்லை என்று. நான் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். பைக்காரரும் பார்த்தார், "அக்கா வேற இருக்காங்களா" என்று தயங்கினார், போய்விட்டார்.

"அவருக்கு ஊரெல்லாம் வண்டிதாங்க" என்றார் அந்த அம்மா. "ரோட்டுல நின்னாப் போதும். வாத்தியார், பால்காரர், பேங்க் மேனேஜர் எல்லாரும் ஏத்திக்குவாங்க. நான் ஒருத்தர் பின்னாடி ஏறி உட்கார்ந்தா நாளைக்குக் காலைல டீக்கடைல பேச்சு. எனக்கு பஸ் இருந்தா உண்டு."

நண்பரின் வண்டியில்லா வாழ்க்கை எதன்மேல் ஓடுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பெட்ரோலுக்குச் செலவு செய்யவில்லை, அவ்வளவுதான். அடுத்தவர் பெட்ரோலில் போகிறார். அது தவறில்லை, கிராமத்தில் அது ஒரு மரியாதை. ஆனால் அந்த மரியாதை ஆண்களுக்கு மட்டும் கிடைக்கிறது. பகலில் கட்டணமில்லாமல் போய்வரும் பெண்ணுக்கு ஏழரை மணிக்கு மேல் இரண்டு வழியும் அடைபட்டுவிடுகிறது.

கடைசியில் தெரிந்த ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு, அவர் வந்து சேர, வீட்டுக்குப் போக எட்டரை. ஆட்டோவுக்குக் கொடுத்தது மாதத்து டியூஷன் பீசில் ஒரு நல்ல பங்கு. நண்பர் வாசலில் நின்றிருந்தார். இட்லி வைத்துக்கொண்டே பேச்சு இரவுகளைப் பற்றிப் போனது. நடு ராத்திரியில் நெஞ்சு வலித்தால்? அரசு மருத்துவமனை நடக்கும் தூரம், பெரிதாக எதுவென்றால் 108. பதிலைத் தயாராக வைத்திருந்தார். பிறகு திருமுக்கூடல் கல்வெட்டுக்குத் தாவினார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். அங்கே பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்தில் பதினைந்து படுக்கையோடு ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, இருந்தது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர இரண்டு ஆள், பணிவிடைக்குப் பெண்கள் எல்லோருக்கும் கூலி எழுதியிருக்கிறது.

"நோயாளி எப்படி வந்து சேர்ந்தான்னு எழுதலையாக்கும்" என்றார் மனைவி.

நண்பர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். எல்எல்ஆர். ஐம்பத்தெட்டு வயதில் இரு சக்கர வாகனத்துக்குப் பழகுநர் உரிமம்.

"மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல போற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்னா லைசென்சே வேண்டாம்ங்கறாங்க. எனக்கு அது வேண்டாங்க. அந்த வேகத்துல போனா டியூஷன் பசங்க சைக்கிள்ல முந்திக்குவாங்க."

நண்பர் காப்பியை ஆற்றிக்கொண்டே, எந்த எலெக்ட்ரிக் வண்டியானாலும் வாடகை வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லை, ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும் என்று ஏதோ சொன்னார். கேட்டாயிற்று என்றார் மனைவி. வண்டி வந்தால் பின்னால் உட்காருவீர்களா என்று நான் கேட்டதற்கு, "மழை வந்தாப் பார்க்கலாம்" என்றார் நண்பர்.

அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அதற்குக் காஞ்சிபுரம் போக வேண்டும். காலை முதல் பஸ்ஸைத்தான் பிடிக்கப்போகிறார்கள், இரண்டு பேருமாக.